இரண்டு மலை, நடுவில் சூரியன்

இந்தோனேசியாவின் பஞ்சர்மாசின் நகரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஆறுதான் தெரியும். மலை கிடையாது. ஆனாலும் படம் வரையச் சொன்னால் அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மலையும், நடுவில் சூரியனும், கீழே வளைந்து வரும் ஒரு சாலையும்தான் வரைவார்கள். நாடு முழுக்க அப்படித்தான். அவர்களுடைய ஆசிரியர்களும் சிறுவயதில் அதையே வரைந்தவர்கள்.

ஓவியப் பாடத்திட்டத்தைத் திருத்தும் வேலை தன்னிடம் வந்ததும் ரஹ்மியாத்தி முதல் விதியாக எழுதியது: இரட்டை மலை கூடாது. பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதை வரையட்டும் என்று, மாதிரிக்குப் படகுச் சந்தை ஒன்றைத் தானே வரைந்து சேர்த்தாள். அந்தப் படத்தின் மேல் அவளுக்கு ரகசியமான பெருமை உண்டு. மறுநாள் திட்டத்தைக் கல்வி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன், அதைச் சோதித்துப் பார்த்த அக்கரைப் பள்ளிக்குப் படகேறிப் போனாள்.

வகுப்புச் சுவர் முழுக்கப் படகுகள். எல்லாப் படகிலும் அதே அகலத் தொப்பிக்காரி, இடது முனையில் அதே வாழைத்தார்.

"என்ன பாக் இது?" என்றாள். அந்த ஊரில் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா.

"நீங்கதானே இபு மலைய எடுக்கச் சொன்னீங்க. எடுத்தாச்சு" என்றார் ஆசிரியர் ஷர்வானி.

"என் படத்தக் காப்பியடிக்கச் சொன்னேனா?"

"சொல்லல. ஆனா மேற்பார்வைக்கு வர்றவர் ஒரு கையில உங்க படம், இன்னொரு கையில எங்க படம்னு வச்சுத்தானே பார்ப்பார். எனக்கு எதுக்கு வம்பு?"

பிறகு மேசைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். இரண்டு மலை, நடுவில் சூரியன். சாலையில் ஒரு குட்டி லாரி.

"இத மட்டும் ஒட்டல. அல்யாவோட அப்பா மலைப்பக்கம் நிலக்கரி லாரி ஓட்டுறார். எப்பவாவதுதான் வீட்டுக்கு வருவார். மலை கூடாதும்மான்னு சொன்னேன். அப்போ அப்பா எந்த வழியா வருவார்னு கேட்டா."

ரஹ்மியாத்தி பிள்ளைகளின் தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது. கையோடு கொண்டுவந்த திட்டத்தை எடுத்து முதல் விதியை அடித்தாள். மாதிரிப் படத்தை உருவி எடுக்கக் கொஞ்ச நேரமானது.

"இப்ப என்ன மிச்சம் இருக்கு?" ஷர்வானி எட்டிப் பார்த்தார். "இவ்வளவு மெலிசா கொண்டுபோனா அலுவலகத்துல சிரிப்பாங்க இபு."

"சிரிக்கட்டும்."

அவள் ஒரு வரி சேர்த்தாள்: எதை வரையச் சொல்வது என்பது ஆசிரியரின் முடிவு, மேற்பார்வையாளர் படத்தைப் பார்க்கும் முன் அதற்கான காரணத்தை ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

ஷர்வானி இரண்டு முறை படித்தார். முகத்தில் சிரிப்பு குறைந்தது.

"அப்போ நான் காரணம் யோசிச்சு வைக்கணுமா?"

"ஆமா பாக்."

"பழைய விதியே சுலபமா இருந்துச்சு போல" என்று முணுமுணுத்தபடி, அல்யாவின் படத்தை ஒட்டச் சுவரில் இடம் தேடினார். படகுகளுக்கு நடுவில் இடமில்லை. ஒன்றைக் கழற்றினார்.