கொடுக்க வந்தவள்

மகளுக்குச் சிறுநீரகம் கொடுக்கத்தான் தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். ஒரே மகள் ரேச்சலுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்து ராயபுரம் தாண்டுவதற்குள் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. நாக்கு வறண்டு அவள் கெஞ்சும்போது, பெற்றவளே தம்ளரைப் பிடுங்கி வைக்க வேண்டும்.

கணவர் செல்வினுக்குச் சர்க்கரை. அவரால் கொடுக்க முடியாது. தங்கபுஷ்பத்துக்கு எல்லாம் பொருந்தியது. "ஆண்டவர் எனக்கு ரெண்டு குடுத்ததே இதுக்குத்தான்" என்று ஜெபக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னாள். மகள் நோயில் விழுந்த இந்த ஒன்பது மாத வேதனைக்கு அன்றுதான் அவளுக்கு ஓர் அர்த்தம் கிடைத்தது.

கடைசி ஸ்கேனுக்குப் பிறகு டாக்டர் நர்மதா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, உங்க இடது கிட்னியில ஒரு கட்டி இருக்கு. புற்றுநோய் மாதிரி தெரியுது. கட்டி நடுவுல இருக்கறதால கிட்னியையே எடுத்தாகணும்."

தங்கபுஷ்பம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வலது நல்லாத்தான இருக்கு? அத எம்புள்ளைக்கு எடுத்துக்கிடுங்க."

"அப்புறம் நீங்க எப்படிம்மா இருப்பீங்க?"

"நான் இருந்து என்ன செய்யப் போறேன்?"

டாக்டர் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தார். "உங்க பொண்ணுக்காக வந்ததாலதான் இது இப்பவே தெரிஞ்சுது. இல்லன்னா முத்தின பிறகுதான் வந்திருப்பீங்க."

ஆறுதலாகச் சொன்ன அந்த வார்த்தைதான் அவளைக் கொன்றது. பிள்ளை படுகிற பாட்டில் தனக்கு உயிரா? ஆண்டவரின் நோக்கம் அதுதான் என்றால் அப்படி ஒரு நோக்கமே அவளுக்கு வேண்டாம். நான்கு நாள் ஜெபிக்கவில்லை. ஆபரேஷனுக்கும் சம்மதிக்கவில்லை.

ஐந்தாம் நாள், டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி ரேச்சல் கேட்டாள்: "அப்பா எல்லாத்தயும் சொல்ட்டாரு. ஏம்மா மாட்டேன்ற?"

"ஏட்டி, உன்ன இப்படிப் போட்டுட்டு நான் பொழைக்கணுமாக்கும்?"

ரேச்சல் வீங்கிய முகத்தைத் திருப்பினாள். "இன்னாத்துக்கு எனக்கு இப்டி ஆச்சுன்னு தெனம் கேட்டுகினே கீறேன்மா. ஒரு பதிலும் வரல. இப்பத்தான் ஒண்ணு வந்துகீது. நீயும் பூட்டேன்னா, நான் பட்டதெல்லாம் வேஸ்ட்டு."

தங்கபுஷ்பம் அங்கேயே, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்க, மண்டியிட்டாள். வாய்விட்டே ஜெபித்தாள். "ஆண்டவரே, நீர் செய்யுறது எனக்குப் பிடிக்கல. புரியவும் இல்ல. ஆனா உம்ம விட்டா நான் எங்க போவேன்? நான் கெடக்கிற நாள்ல இவளப் பாத்துக்கிடும்."

மறுநாள் கையெழுத்துப் போட்டாள்.

கட்டி பரவியிருக்கவில்லை. இடது சிறுநீரகம் போயிற்று. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ரேச்சலின் பெயர் ஏறியது. எத்தனை வருஷம் ஆகுமென்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து, தையல் இழுக்க இழுக்க, தங்கபுஷ்பம் படியேறி டயாலிசிஸ் பிரிவுக்கு வந்தாள். அன்று ரேச்சலுக்கு ரத்த அழுத்தம் இறங்கி உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் அவள் காலடியில் உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு, இழுத்துப் பிடித்திருந்த கெண்டைக்காலை நீவத் தொடங்கினாள். டயாலிசிஸ் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.