கறுப்பு விதை மிளகாய்

பல் டாக்டர் போட்ட ஊசியில் கடையக்காவின் கீழுதடு அவளுடையதாகவே இல்லை. யாரோ இரவல் கொடுத்த உதடு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னக்கா, பல்லப் புடுங்கியாச்சா?" என்று கேட்டார். அவள் சொன்ன பதில் அவளுக்கே விளங்கவில்லை. அவர் விளங்கியவர் போலத் தலையாட்டினார்.

"சரி சரி. ஒரு நாளாவது அந்த வாய் ஓய்வெடுக்கட்டும்."

வேறு நாளாக இருந்தால் அதற்குத் தக்க பதில் கிடைத்திருக்கும். இன்று முறைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவள் கடையக்காதான். மாடியில் வீடு, கீழே சாப்பாட்டுக் கடை. தம்பி கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதியைக் கடலில் கழிப்பவன். அவன் இல்லாத நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்வது அவளும் தம்பி மனைவியும். இரண்டு பேருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் தம்பி மனைவி சமைக்கும் விதத்தைப் பார்த்தால் கடையக்காவுக்குப் பொறுக்காது. பக்கத்து மழலையர் பள்ளிக்கு மதியச் சாப்பாடு இவர்கள் கடையிலிருந்துதான் போகிறது. அதற்காக அந்தப் பெண் பட்டாணியைக்கூடத் தோலுரித்து வைப்பாள். வெந்த கேரட்டை மறுபடி வேக வைப்பாள்.

"நீ பிள்ளைங்களுக்குச் சமைக்கிறியா, இல்ல சாமிக்குப் படைக்கிறியா?" என்பாள் கடையக்கா. "கேஸ் என்ன கிணத்துலயா ஊறுது?"

"சின்னப் பல்லுக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள் மற்றவள்.

கடையக்காவின் பாசமெல்லாம் பின்பக்கப் படிக்கட்டில் தொட்டியில் நின்ற ஒரு செடி மேல்தான். தம்பி தென் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த விதை. மிளகாய் விதை என்றால் வெளுப்பாக இருக்கும். இது கரிக்கட்டைத் தூள் போலக் கறுப்பாக இருந்தது. முளைக்கவே மாதக் கணக்கானது. இலையில் பூனைக் காது மாதிரி மெல்லிய ரோமம், பூவோ ஊதா நிறம். மலைச்செடி என்பதால் உச்சி வெயில் ஆகாது. மத்தியானமானால் தொட்டியை நிழலுக்கு நகர்த்துவாள். முதல் வருஷம் பூவெல்லாம் உதிர்ந்துபோக, பிள்ளைகள் வண்ணம் தீட்டும் தூரிகை ஒன்றை வாங்கி, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவினாள். அதற்குப் பிறகுதான் காய் பிடித்தது. பழுத்தால் தக்காளியா குடைமிளகாயா என்று தெரியாதபடி உருண்டையாகச் சிவந்து நிற்கும். காரமோ, தம்பி தொலைபேசியில் சொன்ன மாதிரி, கப்பலையே கரையேற வைக்கும்.

"அந்த ஊர்ல இத வெறுமன தின்ன மாட்டாங்கக்கா. உள்நரம்பையும் விதையையும் சுரண்டிட்டு, சக்கர போட்டு, தண்ணி மாத்தி மாத்திக் கொதிக்க வெச்சாதான் அடங்கும்."

அதன் பெயர் ரொக்கோட்டோ என்றும் அவன்தான் சொன்னான். கடையக்காவின் வாயில் அது ராக்கோழி ஆகிவிட்டது. "என் ராக்கோழிக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்" என்பாள். அது மிளகாய் என்று தம்பி மனைவியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றும் இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். "அந்தப் பக்கம் போகாத, துணி பட்டாப் பூ உதிந்துரும்" என்று சொன்னதோடு சரி. ஏதோ அலங்காரச் செடி என்று நினைத்து அவளும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்று காலை பல் டாக்டரிடம் கிளம்பும் முன் கடையக்கா பழுத்ததையெல்லாம் பறித்துக் கூடையில் போட்டு, சமையல் மேடை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வந்து சாந்து அரைத்துக் குப்பியில் அடைக்கலாம் என்று எண்ணம்.

கடைக்குள் நுழைந்தாள். தம்பி மனைவி இல்லை. பள்ளிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருப்பாள். மேடை பளிச்சென்று துடைத்திருந்தது. கூடை காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

கடையக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எடுத்து எங்கே வைத்தாள் என்று தேடிக்கொண்டே குப்பைத் தொட்டி மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கேரட் தோலுக்கு மேலே, வெளுத்த நரம்புகளோடு, கைப்பிடி கைப்பிடியாகக் கறுப்பு விதைகள்.

கதவுக்குப் பின்னால் காய்கறிக்காரர் போட்டுவிட்டுப் போன குடைமிளகாய் மூட்டை கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. இன்று பள்ளிக்கு, உருளைக்கிழங்கும் சீஸும் அடைத்து ஓவனில் வைத்த குடைமிளகாய்.

மூட்டையைத் தொடவில்லை என்றால் அவள் அடைத்தது ராக்கோழிப் பழத்தைத்தான். நாலு வயசு, மூன்று வயசுப் பிள்ளைகள். ஒரு கடி கடித்தால் போதும், வாய் வெந்துவிடும்; அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் கேட்கவே வேண்டாம்.

தொலைபேசியை எடுத்தாள். பள்ளித் தலைமை ஆசிரியை எடுத்தார்.

"அத ஆருக்கும் குடுக்காதீங்க," என்றாள் கடையக்கா. உதடு ஒட்டவில்லை, மிளகாயின் 'மி' காற்றாகப் போனது. "அது இளகா. இளகா!"

"யாருங்க? கடையக்காவா? சரியா கேக்கலியே."

"சாப்பாடு… இளகா!"

"இலவசமா? இன்னைக்கா?" ஆசிரியையின் குரல் குழைந்தது. "ரொம்பப் பெரிய மனசுக்கா உங்களுக்கு. பிள்ளைங்க உக்காந்துட்டாங்க, நான் அப்புறம் பேசறேன்."

தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது. மறுபடி அடித்தாள். எடுப்பார் இல்லை.

மேடை ஓரத்தில் ஒரு தட்டு மூடியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். திறந்தால் உள்ளே ஒன்றே ஒன்று, சிவப்பாக, சீஸ் உருகி. பல் வலியோடு வருகிறவளுக்கு மெத்தென்று சாப்பிட இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறாள். கடையக்கா பாதியைக் கடித்து வாயில் போட்டுக்கொண்டாள். காரம் தெரியவில்லை. இனிப்பும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை. மரத்துப் போன நாக்கில் கல்லைப் போட்டாலும் சர்க்கரையைப் போட்டாலும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். இதை வைத்து எதை நம்புவது?

"கடவுளே," என்று மனசுக்குள் சொன்னாள். வாயால் சொல்லியிருந்தால் அவருக்கும் புரிந்திருக்காது. "என் செடியை வேணும்னா வேரோட எடுத்துக்க. அந்தப் பிஞ்சு வாய்ங்களக் காப்பாத்து."

காரத்துக்குப் பால்தான் மருந்து. தெருவுக்கு ஓடினாள். பால்காரர் எதிர்வீட்டுக் கதவருகே அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் பால் கேனைக் காட்டி, பள்ளிப் பக்கம் கையைக் காட்டி, தன் வாயைக் காட்டி, கண்ணில் நீரோடு நின்றாள். அந்த மனிதர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதற்கு முன் அவளிடம் எத்தனை பேச்சு வாங்கியிருப்பார். "பின்னால ஓடி வாங்கக்கா, நான் முன்னால போறேன்" என்று கேனோடு சைக்கிளை மிதித்தார். நல்ல மனம் இருக்கிறவர்களுக்கு விளக்கம் எப்போதும் இரண்டாவதுதான்.

கடையக்கா மூச்சிரைக்கப் பள்ளிக்கூடத்து வாசலை அடைந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. அழுகை என்று நினைத்தாள். வாசற்படியில் நின்று கவனித்தாள். சிரிப்புச் சத்தம்.

பிள்ளைகள் குட்டி நாற்காலிகளில் வாயெல்லாம் சீஸோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதித் தட்டுகள் காலி. ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி மட்டும் நாக்கை நீட்டி, "ஹா, ஹா" என்று ஊதிவிட்டு, "கொஞ்சமா சுர்ருங்குது, இன்னொண்ணு" என்று தட்டை நீட்டினாள். தம்பி மனைவி கரண்டியோடு நிமிர்ந்தாள். கதவில் பால்காரர், அவருக்குப் பின்னால் தலைவிரி கோலமாக நாத்தனார்.

"என்னக்கா, என்னாச்சு?"

கடையக்கா தட்டைக் காட்டினாள். சொல்ல முயன்றாள். "ராக்கோழி," என்று மட்டும் தெளிவாக வந்தது. அதற்கு உதடு தேவைப்படவில்லை.

"ராக்கோழியா? உங்க பூச்செடிக்கு என்னக்கா?" என்றவள் முகம் மெல்ல மாறியது. "இது… அதோட பழமா? மிளகாயா?"

கடையக்கா தலையாட்டினாள். தம்பி மனைவியின் கையிலிருந்து கரண்டி நழுவியது.

"ஐயோ. நீங்க வாங்கி வெச்ச புதுமாதிரி குடைமிளகான்னு நெனச்சேன்கா. வெதை கறுப்பா இருந்துச்சு, கெட்டுப்போச்சோன்னு ஒண்ணு விடாம சுரண்டிட்டேன். தோல் தடிப்பா இருந்துச்சு. இந்தச் சின்னப் பல்லுக்கு மெல்ல வராதேன்னு தண்ணி மாத்தி மாத்தி மூணு தடவ வேக வெச்சேன். மொதத் தண்ணியில ஆவி வந்தப்ப தும்மித் தும்மிப் போயிட்டேன், சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். ஒரு மாதிரி வாசம் வந்துச்சு, அதான் சக்கர போட்டேன். கையுறை போட்டிருந்ததால கையிலயும் ஒண்ணும் தெரியல."

கடையக்கா ஒரு குட்டி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அது கிறீச்சிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. உதடு ஒரு பக்கம்தான் போனது. அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று பால்காரர் எல்லோருக்கும் பால் ஊற்றினார். கைகளையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி விட்டார்கள். தலைமை ஆசிரியை கைகூப்பி, "சாப்பாடும் இலவசம், பாலும் இலவசம்" என்று நெகிழ்ந்துபோனார். மறுத்துப் பேசுகிற நிலையில் கடையக்கா இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள். கடவுளிடம் நேர்ந்துகொண்டது இதைவிடப் பெரிசு.

சாயங்காலம் கடை ஓய்ந்தபின் உதட்டில் எறும்பு ஊர்வது போல உணர்வு திரும்பியது. கடையக்கா தட்டை எடுத்து, மத்தியானம் கடித்து வைத்த மீதிப் பாதியைத் தின்றாள். தோல் வெண்ணெய் போல மெத்தென்றிருந்தது. உருளைக்கிழங்கு, சீஸ், சர்க்கரையின் இனிப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் நாக்கு நுனியில் ஒரு சின்னச் சுறுக்கு. அந்த மிளகாய் பிறந்த தேசத்தில் கெட்டிக்காரப் பெண்கள் காலங்காலமாகப் பக்குவப்படுத்துகிற விதம். அதையே இவள் ஒருவரும் சொல்லாமல் செய்திருக்கிறாள், சின்னப் பல்லை நினைத்து. தினமும் தான் கேலி செய்த அதே காரியம். எங்கோ மேலிருந்து காப்பாற்றச் சொல்லித் தான் கெஞ்சியபோது, காப்பு அதற்கு முன்பே அடுப்பில் மூன்று முறை கொதித்து முடித்திருந்தது.

எதிரே தம்பி மனைவி பாத்திரம் துடைத்தபடி பயந்து பயந்து பார்த்தாள். "உங்க செடிப் பழத்தக் கேக்காம எடுத்துட்டேன். இவ்ளோ நாள் வளத்தீங்க."

கடையக்கா தட்டில் ஒட்டியிருந்த சீஸை விரலால் வழித்து நக்கினாள்.

"உறைக்குதாக்கா?"

"உறைக்குது," என்றாள் கடையக்கா. கொஞ்சம் பொறுத்து, "இப்பத்தான் உறைக்குது," என்றாள்.

அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, மிளகாயின் வேலைதான் என்று நினைத்துக்கொண்ட தம்பி மனைவி ஓடிப்போய் ஒரு தம்ளர் பால் கொண்டுவந்தாள். தேவையில்லை என்று கடையக்கா சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு அலமாரியிலிருந்து அந்தத் தூரிகையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வெளக்க எடுத்துட்டு வா. பின்னால ரெண்டு புதுப் பூ விட்டிருக்கு. எப்படித் தடவணும்னு காட்டறேன்."

"துணி பட்டா உதிந்துருமேக்கா."

"உதிந்தா இன்னொண்ணு பூக்கும். வா."