ஓடையில் இறக்கிய குழாய்

தீவில் ரங்கத் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தக் குடியிருப்பில் பொங்கலுக்குப் பிறகு மழையே இல்லை. கிணறுகள் வற்றிவிட்டன. மிச்சமிருந்த ஓடையில் மொண்டுதான் புஷ்பம் தன் கத்தரிச் செடிகளைக் காப்பாற்றி வந்தாள்.

அன்று காலை ஓடை சேறாகக் கிடந்தது. ரோடு போடும் கான்ட்ராக்டர் தமிழ்வாணன் மோட்டார் வைத்து, இருந்த தண்ணீரையெல்லாம் டேங்கர் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மோட்டார நிறுத்துங்க," என்றாள்.

"சர்க்காரி காம் அக்கா, கவர்மென்ட் வேலை. ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்."

"அதுக்குள்ள என் செடி முடிஞ்சிரும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த அரிவாளால் குழாயை வெட்டினாள். பீறிட்ட தண்ணீர் அவன் சட்டையை நனைத்தது.

"போலீசுக்குப் போவேன்."

"போங்க. நாங்க எல்லாரும் வர்றோம்."

காலிக் குடங்களுடன் பக்கத்து வங்காளிக் குடும்பங்கள் அவள் பின்னால் வந்து நின்றிருந்தன. "காடி காலி கரோ," என்று லாரியைக் காலி செய்யச் சொன்னார் அவர்களில் முன்னால் நின்ற மண்டல்.

தமிழ்வாணன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு டேங்கரைத் திறந்துவிட்டான். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். புஷ்பம் தன் பங்கைச் செடிகளுக்கு ஊற்றினாள். வாடிய இலைகள் மாலையில் நிமிர்ந்தன. அவளுக்குக் கோபம் மட்டும் தணியவே இல்லை.