மூன்று நாளாக ஏறாத காபி

பாத்திரம் தேய்ப்பவள் சமையற்காரி ஆவதற்கு முசியே எனக்கு ஒரு வாரம் கொடுத்திருந்தார். மூன்று நாள் நன்றாகத்தான் போனது. நாலாம் நாள் காலையில் அந்தப் பாழாய்ப்போன காபிக் கூஜா என் மானத்தை வாங்கிவிட்டது.

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. எங்கள் முசியே பேர் புருஷோத்தமன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் வீட்டில் நாலு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார். அங்கே நான் எட்டு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறேன். சமையல்காரர் நாராயணசாமி மகன் வீட்டோடு போய்விட்டதும், "நான் சமைக்கிறேன் முசியே" என்று நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"உன் மீன்கொழம்பு எனக்குத் தெரியும் கன்னியம்மா. ஆனா இங்க தங்குறவங்களுக்குக் காலையில காபிதான் முக்கியம். ஒரு வாரம் பாக்கலாம். சரியா வரலன்னா கதிர்காமத்துல ஒருத்தர் இருக்காரு, அவரக் கூப்பிடணும்" என்றார்.

எட்டு வருஷம் யாரோ சமைத்ததைக் கழுவிய கை இது. அந்த அடுப்பு எனக்கு வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை.

அந்தக் கூஜா மூன்று துண்டாகக் கழலும். அடியில் தண்ணீர், நடுவில் சல்லடைக் கிண்ணத்தில் தூள், மேலே வெறும் குடுவை. அடுப்பில் வைத்தால் கொதிக்கிற தண்ணீர் தூளுக்குள் புகுந்து மேலே ஏறிக் காபியாகிவிடும். நாலாம் நாள் அது ஏறவில்லை. இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் புஸ்ஸென்று ஆவி பீறிட்டது. மேலே வந்தது நாலு சொட்டு, அதுவும் தீய்ந்த வாடை. ஐந்தாம் நாளும் அப்படியே. ஆறாம் நாள் விருந்தாளிகள் கடையில் போய்க் காபி குடித்துவிட்டு வந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். "இந்தக் கூஜா தேஞ்சு போச்சு முசியே, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றேன்.

"முப்பது வருஷமா இதுல எல்லார் கையிலயும் காபி வந்துச்சு. உன் கையில மட்டும் வரமாட்டேங்குதா?" என்றார். கத்தியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்டுவிட்டு, "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்று போய்விட்டார்.

கூஜாவைப் பையில் போட்டுக்கொண்டு தட்டாஞ்சாவடிக்கு பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு முன்னே மில்லில் இருந்தார். இப்போது அங்கே ஒரு ரப்பர் பட்டறையில் குக்கருக்கு வளையம் வெட்டுகிறார். கூஜாவைத் திருகித் திறந்து பார்த்ததுமே, "வளையம் காஞ்சு வெடிச்சிருக்கு பாரு" என்றார்.

"நான்தான் சொன்னேனே, கூஜாதான் கோளாறுன்னு!" எனக்கு உயிர் வந்தது.

புது வளையம் வெட்டிப் போட்டார். சாயங்காலம் வம்பாகீரப்பாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தோம். இப்போது பக்கத்தில் ஆவி வரவில்லை. அடிப்பாகத்தில் இருக்கிற சின்ன வால்விலிருந்து விசில் மாதிரிச் சீறியது. அவர் பாய்ந்து அடுப்பை அணைத்தார்.

"தண்ணி மேல போவ வழியில்லாம முட்டுது. தூள் ஏதாச்சும் மாத்தினியா?"

மாற்றியிருந்தேன். முசியே வீட்டுத் தூள் மூன்றாம் நாளே தீர்ந்துபோனது. அது ரவை மாதிரி இருக்கும், சிக்கரி கிடையாது, அதுவும் ஒரு தூளா? நான் என் வழக்கப்படி மாவாட்டம் அரைத்த சிக்கரித் தூள் வாங்கி, வீட்டு ஃபில்டரில் அமுக்குகிற தட்டையும் கொண்டுபோய், கெட்டியாக அமுக்கிப் போட்டிருந்தேன். என் அம்மா எனக்குக் கொடுத்த கைப்பழக்கம் அது.

"என் தூள்ல என்னாய்யா கொற? இருபது வருஷமா மூக்கு முட்டக் குடிக்கிற இல்ல?" என்று பிடித்துக்கொண்டேன்.

கோபத்தோடு ராத்திரிக்குக் கேழ்வரகுப் புட்டு வைக்கப் போனேன். சமாதானம் பண்ணுவதாக நினைத்து அவரும் கூட வந்தார். இட்லித் தட்டில் துணி விரித்து, பிசறின மாவைக் கொட்டி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமமாக்கினார்.

"அய்யய்ய, அமுக்காதய்யா! அமுக்கினா ஆவி எப்படி ஏறும்? இது கூடவா தெரியாது?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கூஜாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை, நல்ல மனுஷன்.

ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து இறங்குகிறது. அமுக்கினால்தான் டிகாஷன் நின்று நிதானமாக இறங்கும். கூஜாவில் தண்ணீர் கீழேயிருந்து ஏறவேண்டும். அதன் வாயை அமுக்கிப் பொத்தியது நான்தான். மூன்று நாளாக அந்த ஜடத்தைத் திட்டியிருக்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது.

"கடை மூடறதுக்குள்ள சைக்கிள எடு. சிக்கரி வேணாம். ரவை பதத்துல அரைச்சுத் தரச் சொல்லு" என்றேன்.

ஏழாம் நாள் காலை. அடியில் வால்வு வரைக்கும் தண்ணீர். தூளைக் கிண்ணம் நிறையக் கொட்டி விரலால் ஒரு தடவு, அவ்வளவுதான். இறுக்கித் திருகிச் சின்னத் தீயில் வைத்தேன். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அங்காளம்மா சாமியைக் கூப்பிட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நடுக்குழாயில் கறுப்பாக ஒரு துளி எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலேயே தேன் நிறத்தில் மளமளவென்று ஏறி நிரம்பியது. வீடு முழுக்க வாசனை. "அடி என் தங்கமே!" என்று கூஜாவையே கொஞ்சினேன்.

முசியே ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"கூஜாவுல என்னா கோளாறு?"

வளையம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். புது வளையம் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகத் தெரிந்தது. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கோளாறு என் கையில முசியே. ஃபில்டர்னு நெனச்சு தூளை மாத்தி, அமுக்கியும் தொலைச்சிட்டேன். கூஜா மேல வீண்பழி போட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா வளையமும் காஞ்சுதான் போயிருந்துச்சு" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கோப்பையைக் காலி செய்து மேசையில் வைத்தார். பழக்கதோஷத்தில் அந்த எச்சில் கோப்பையைக் கழுவ எடுத்தேன்.

"அத வை" என்றார். "பாத்திரம் தேய்க்க உனக்குத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தா நாளையிலிருந்து வரச் சொல்லு, கன்னியம்மா."

கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"வரச் சொல்றேன் முசியே. ஆனா இந்தக் கூஜாவ மட்டும் யாரும் தொடக்கூடாது, நான்தான் கழுவுவேன்" என்றேன்.