லிஃப்டுக்காரரின் இரண்டு ஹெட்ஃபோன்கள்

ஓய்வு பெற்ற நாளிலிருந்து லிஃப்டுக்காரருக்கு ஒரே ஆசைதான். ஒரு வயலின் இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் எழுந்திருக்காமல் கேட்டுவிட வேண்டும். பின்பக்கத்து அறையில், பஸ் போகிற தெருவைப் பார்த்த ஜன்னலோரமாக நாற்காலி போட்டிருந்தார். பக்கத்தில் இசைத்தட்டுப் போடும் தட்டுச் சுழற்றி. அந்த மூலையை விட்டால் வீட்டில் அவருக்கென்று சொல்லிக்கொள்ளச் செருப்பு வைக்கும் இடம்தான் இருந்தது.

ஆனால் உட்கார முடிந்தால்தானே. லிஃப்ட் பழுது பார்த்த காலமெல்லாம் கோளாறு எங்கே முனகுகிறது என்று காது வைத்துக் கேட்டே பழகிய மனிதர். வயலின் உருகிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு லேசாக உரசும். அவ்வளவுதான், ஸ்க்ரூடிரைவரும் கையுமாகக் கிளம்பிவிடுவார். ஊசி தட்டின் கடைசியில் கிறுக் கிறுக்கென்று சுற்றிக்கொண்டிருக்கும்போது வந்து உட்காருவார். மறுபடி போடுவார். மறுபடி எழுந்திருப்பார். அந்த நாற்காலியின் மெத்தை இன்னும் புதிது போலவே இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆடியோ கடைக்காரர் ஒரு வழி சொன்னார். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஹெட்ஃபோனைக் கடையில் வைத்துக் கேட்க விடமாட்டார். இரண்டைக் கொடுத்தனுப்பி, சனிக்கிழமை ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்வார்.

“கடையில கேட்டா எல்லாமே நல்லாத்தான் சார் இருக்கும். வீட்டுல வச்சுப் பாருங்க, அப்பத்தான் சாயம் வெளுக்கும். இது மூடின டைப். கிண்ணத்தோட முதுகு அடைச்சிருக்கு பாருங்க. வெளிச் சத்தம் உள்ள வராது, உள்ள இருக்கிறது வெளிய போகாது. இது திறந்த டைப். முதுகுல வெறும் வலைதான். பாட்டு தலைக்குள்ள முட்டாம, எதிர்ல உக்காந்து வாசிக்கிற மாதிரி காத்தோட்டமா இருக்கும். ஆனா ஒண்ணு, வீடும் சேர்ந்து உள்ள வரும்.”

“வீடு எதுக்கு?” என்றார் லிஃப்டுக்காரர். மூடினதைத்தான் முதலில் மாட்டினார். திறந்தது பெட்டியிலேயே கிடந்தது.

மூடினது உண்மையிலேயே மூடினதுதான். மாட்டிய மறுநாள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்து, வெள்ளம் படியில் அருவியாக இறங்கி, வீட்டுக்குள் புகுந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கட்டிடமே தெருவில் நின்றது. தீயணைப்புக்காரர்கள் வந்து தலைகளை எண்ணினார்கள், ஒன்று குறைந்தது. ஏணி வைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், இவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நாற்காலிக்குக் கீழே செருப்பு இரண்டும் வட்டமடித்துக்கொண்டிருக்கின்றன. தோளைத் தட்டியதும் கண்ணைத் திறந்து, “கொஞ்சம் இருங்க, முடியப்போகுது” என்றாராம். கால் குளிர்ந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. வாசிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

ஆக, ஆசை நிறைவேறுவதற்கு ஒரு பக்கம்தான் பாக்கி. அந்த வியாழக்கிழமை பார்த்துத்தான் இரண்டு ஆட்கள் ஒரு அலமாரியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தார்கள். பின்னாலேயே ஒரு கட்டில் வந்தது. அதற்குப் பின்னால் அவர் மனைவி வந்தாள்.

லிஃப்டுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். “என்ன இது?”

“அண்ணனோட சாமான்.”

“இங்க எதுக்கு?”

“ஞாயித்துக்கிழமை அண்ணன் வராருல்ல. ஆளுக்கு முன்னாடி சாமான் வந்துடுச்சு.” அவள் கட்டிலைச் சுவரோரம் போடச் சொன்னாள். “செவ்வாக்கிழமை இதைப் பத்தித்தானே அவ்வளவு நேரம் பேசினேன். இந்த ரூம்லயே இருந்துக்கட்டும்னு நீங்கதானே ம் சொன்னீங்க.”

லிஃப்டுக்காரருக்குக் காது இரண்டும் சூடாயின. செவ்வாய்க்கிழமை அவர் கேட்டது வயலினைத் தவிர வேறொன்றும் இல்லை.

இது எப்படி நடந்தது என்பதை அவர் மட்டுமே அறிவார். அவர் மனைவி தையல்காரி. ஹாலில் மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள். பேச்சுக்கு நடுவில் பதில் வேண்டிய இடத்தில் மட்டும் கால் நிற்கும். கால் நின்றால் இவர் ‘ம்’ கொட்டுவார். மெஷின் திரும்ப ஓடும். கல்யாணமான காலத்திலிருந்து குடும்பம் இந்தப் பல்சக்கரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோன் காதை அடைத்ததே தவிர, உள்ளங்காலை அடைக்கவில்லை. லிஃப்டின் கூரைமேல் நின்று நின்று, எட்டாவது மாடியில் மோட்டார் இருமினால் காலிலேயே தெரிந்துகொள்ளும் மனிதர். தரையில் மெஷினின் அதிர்வு நின்ற ஒவ்வொரு தடவையும், வயலினில் மூழ்கியபடியே, வாய் தன்பாட்டுக்கு ‘ம்’ என்றிருக்கிறது. ஒரு ‘ம்’ கூட இடம் தப்பவில்லை.

மைத்துனர் என்றால் சாதாரண மைத்துனர் இல்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் தொண்டையைச் செருமினால் பக்கத்து ஊர் நிலையத்தில் ஓட்டுநர்கள் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். ஓய்வு பெற்ற மறுநாள், பல காலமாக அந்தப் பக்கமே வராத புறாக்கள் நிலையத்துக்குத் திரும்பி வந்தன என்று நேரில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வருபவர் வெறும் கையோடு போகிறவரும் இல்லை. ஒரு முறை லிஃப்டுக்காரரின் ரேடியோவைக் காட்டி, “இதை எடுத்துக்கட்டுமா மாப்பிள்ளை?” என்றார். ‘ம்’ என்றார் இவர். ரேடியோ போயிற்று. அடுத்த முறை குடை. ‘வேண்டாம்’ என்ற சொல் லிஃப்டுக்காரரின் தொண்டைவரை வரும், அதற்கு மேல் ஏறாது. ஊரிலுள்ள அத்தனை லிஃப்டையும் ஏற்றி இறக்கியவருக்கு இந்த ஒன்று மட்டும் நடுமாடியில் நின்றுவிடும்.

இப்போது ஜன்னலோர மூலை போகப்போகிறது. கேட்கவே இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால் இத்தனை காலம் கொட்டிய ‘ம்’ முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஹாலுக்கும் அறைக்கும் நடந்தார். தண்ணீர் குடித்தார். தாகம் இல்லாமலே இன்னொரு தரம் குடித்தார். அப்போதுதான் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. செவ்வாய்க்கிழமை இது. திங்கட்கிழமை எதற்கெல்லாம் ‘ம்’ சொன்னோம்? புதன்கிழமை?

திறந்த ஹெட்ஃபோனைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார், உளவு பார்க்க.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வயலின் எதிரே வந்து உட்கார்ந்தது. வில் திரும்புகிற இடத்தில் வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கூடவே குக்கர் ஆவி, குழாய்ச் சொட்டு, மேல்மாடியில் யாரோ நகம் வெட்டுவது, லிஃப்ட் கதவு எல்லாம் வரிசையில் வந்தன. உள்ளிருந்தது வெளியேயும் போயிற்று. அடுத்த வீட்டுப் பல் டாக்டர் சுவரைத் தட்டி, இரண்டாவது பாட்டை இன்னொரு தரம் போடச் சொன்னார். எதிர்வீட்டுக் கிளி வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வயலின் இடையிசையைப் பழகிவிட்டது. சுருதி மட்டும் ஒரு மயிரிழை ஏறியிருந்தது.

ஹாலிலிருந்து மனைவி தொலைபேசியில் தங்கையிடம் பேசுவதும் வந்தது. “அவரா? ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையே. ஹாலுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கலாம்னேன், ம்னார். கடவாப் பல்லைப் பிடுங்கிடலாம்னேன், அதுக்கும் ம். பக்கத்து வீட்டு டாக்டர்கிட்ட தேதியே வாங்கிட்டேன். ரிட்டயர்டான பிறகு மனுசன் தங்கமா மாறிட்டாரு.”

லிஃப்டுக்காரர் நாக்கால் கடவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. வயலின் எந்த இடத்தில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஒயர் இழுபட்டுத் தட்டுச் சுழற்றி ஆடியது.

சனிக்கிழமை காலையில் தாங்க முடியாமல் போய் மெஷினுக்கு எதிரே நின்றார்.

“செவ்வாக்கிழமை நீ பேசினது எனக்குக் கேக்கல.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “எது?”

“எதுவுமே. அந்த மூடின ஹெட்ஃபோன்ல ஒண்ணும் கேக்காது. உங்க அண்ணன் விசயம், பெயிண்டு, பல்லு எதுவும் கேக்கல.”

மெஷின் நின்றது. பழக்கத்தில் வாய்வரை வந்த ‘ம்’மை லிஃப்டுக்காரர் விழுங்கினார்.

“அப்புறம் எப்படி எடம் பார்த்து ம் சொன்னீங்க?”

“நீ மிதிக்கிறதை நிறுத்தினா கால்ல தெரியும்.”

அவள் கத்திரியைக் கீழே வைத்தாள். “அப்ப இத்தனை நாள் நான் தரைகிட்டயா பேசிக்கிட்டு இருந்தேன்?”

“இத்தனை நாள் இல்ல. இந்த வாரம் மட்டும்.”

“அதை நான் எப்படி நம்புறது?” அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. “அன்னைக்கு ஆபீஸ் லிஃப்டுல நான் மாட்டிக்கிட்டப்ப, மேல உக்காந்துகிட்டு ம் சொன்னீங்களே, அது? காதால கேட்டுச் சொன்னதா, இல்ல கயிறு ஆடுறதைப் பார்த்துச் சொன்னதா?”

அவர்கள் கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான். நான்காவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இவள், கூரைமேல் அவர். பயத்தில் இவள் தன் பூர்வீகம், படிப்பு, பிடித்தது, பிடிக்காதது அத்தனையும் ஒரே மூச்சில் சொன்னாள். மேலேயிருந்து ‘ம்’ மட்டும் வந்தது. தரைக்கு வந்து கதவு திறந்தபோது இரண்டு பேரும் சம்பந்தம் முடிந்தவர்களாக வெளியே வந்தார்கள்.

“அது கேட்டுத்தான் சொன்னேன்.”

“அப்படியா? நான் என்ன கேட்டேன், சொல்லுங்க பாப்போம்.”

“‘என்னைக் கட்டிக்கிறீங்களா, இல்ல இப்படியே தொங்க விட்டுட்டுப் போயிடுவீங்களா’ன்னு கேட்ட. ரெண்டுல எதுக்கு நான் ம் சொன்னதா நீ எடுத்துக்கிட்டேன்னு தெரியாம இறங்குற வரைக்கும் நானே பயந்துகிட்டுத்தான் இருந்தேன்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, துணியில் இல்லாத நூல் ஒன்றைத் தேடினாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“சரி. இப்பக் கேக்கறேன். காதுல ஒண்ணும் இல்லையே?”

“இல்ல.”

“அண்ணி தவறின பிறகு அண்ணன் வீட்டுல சத்தமே இல்லையாம். பொழுதுக்கும் ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, போற வர்ற பஸ்ஸுக்கெல்லாம் நம்பர் சொல்லிக்கிட்டு இருக்காராம். அதைக் கேட்டு யாரும் ஏறப்போறது இல்ல. நம்மகூட வந்து இருக்கட்டுமா?”

லிஃப்டுக்காரர் ஹால், குளியலறை வாசல், ஹால் என்று ஒரு நடை போய்வந்தார்.

“வரச் சொல்லு” என்றார்.

“நெசமாத்தானா?”

“நெசமாத்தான். ஆனா அந்த ஜன்னலோரம்…”

“அது உங்க ரெண்டு பேர் பாடு. வேண்டியதை நீங்களே வாயைத் திறந்து அவர்கிட்ட சொல்லிக்குங்க. நான் நடுவுல வரமாட்டேன். பல்லுக்கு வேணா தேதியை மாத்திடறேன்.”

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் மூடினதைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னு சொல்றீங்க. இதுதானே சார் உங்களுக்குச் சரி? பேஸ் சத்தம் நல்லா இல்லையா? காது வேர்க்குதா?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதை மாட்டிக்கிட்டு இன்னொரு வாரம் உக்காந்தா வீட்டையே எழுதிக் குடுத்துடுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்து சேர்ந்தார். தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே இன்னார் வீடு எது என்று விசாரித்தார். அந்தக் குரலுக்குத் தெருவில் ஒருவர் விடாமல் வாசலுக்கு வந்து கை காட்டினார்கள். வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், எல்லாவற்றையும் அறிவித்துவிட்டே செய்தார். பிறகு அறைக்குள் வந்து சுவரோரக் கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

லிஃப்டுக்காரர் திறந்த ஹெட்ஃபோனோடு தட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். வயலின் கீழே இறங்கி, நின்று, மறுபடி ஏறத் தொடங்கும் இடம். இதுவரை ஒருமுறைகூட அவர் அதைத் தாண்டியதில்லை.

“மாப்பிள்ளை, சுவரோரம் நிற்கும் கட்டில் இன்னும் சற்று நேரத்தில் ஜன்னலோரமாகப் புறப்படும்” என்றார் மைத்துனர், கட்டில் காலைத் தூக்கியபடி. “எனக்கு ஜன்னல் இருந்தாத்தான் தூக்கம் வருது. உங்க நாற்காலியை ஹாலுக்கு மாத்திடட்டுமா?”

ஒவ்வொரு எழுத்தும் வலை வழியாக உள்ளே வந்தது. வயலின் ஏறிக்கொண்டிருந்தது. ஹாலில் மெஷின் நின்றது. தரை அசையாமல் காத்திருந்தது. லிஃப்டுக்காரருக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. உதடுகள் தாமாக ஒட்டிக்கொண்டு ‘ம்’முக்குத் தயாராயின. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, உதடுகளைப் பிரித்தார்.

“வேண்டாம்” என்றார்.

கட்டிலின் கால் தரைக்கு வந்தது. மனைவி வாசற்படியில் வந்து நின்று, கையில் ஊசியோடு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“இப்ப யாரு பேசினது?”

“மாப்பிள்ளைதாம்மா” என்றார் மைத்துனர். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. “நான் வேற யாரோன்னு நினைச்சேன்.”

“கட்டில் சுவரோரமே இருக்கட்டும்” என்றார் லிஃப்டுக்காரர். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. சரிதானா என்று இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார். “வேண்டாம் மச்சான். அது என் இடம். பகல்ல நான் கேக்காதப்ப நீங்க வந்து உக்காருங்க, பஸ்ஸைப் பாருங்க. நாற்காலியை மட்டும் நகர்த்த வேண்டாம்.”

மைத்துனர் யோசித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, படுக்கையை விரித்தார். மனைவி திரும்பிப் போனாள். மெஷின் ஓடத் தொடங்கியது, வழக்கத்தைவிடச் சற்று வேகமாக.

வயலின் அந்த ஏற்றத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டிருந்தது. லிஃப்டுக்காரர் ஊசியைத் தூக்கிப் பக்கத்தின் தொடக்கத்தில் வைத்துவிட்டுச் சாய்ந்தார். முதல் வில் இழுப்பு எதிரே வந்து உட்கார்ந்தது.

“மாப்பிள்ளை” என்றார் மைத்துனர் சுவரோரத்திலிருந்து. “இந்தப் பக்கம் ஃபேன் காத்து வருமா?”

அதுவும் தெளிவாகக் கேட்டது.