ஆயிரத்து நூற்று நாற்பது தட்டுகளுக்கு ஓர் அலமாரி

ரதோமிரின் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய சாமான் என்று தேடினால் அடுப்பும் தொலைக்காட்சியும்தான் அகப்படும். மற்றதெல்லாம் அவன் கைவேலை. கட்டில், சாப்பாட்டு மேசை, செருப்பு வைக்கிற பெட்டி, எதைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அடியில் தச்சுப் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கும். ‘ரதோமிர், 1981.’ அந்த ஊர் ஆண்களுக்கு அது பழக்கம். கடையில் அலமாரி வாங்குகிறவனை அவர்கள் கொஞ்சம் பாவமாகத்தான் பார்ப்பார்கள்.

அவன் மனைவி லிபுஷேவின் சாமான் மட்டும் அந்த வீட்டில் அட்டைப்பெட்டியில் கிடந்தது. ஊருக்கு வெளியே இசைத்தட்டு ஆலையில், பதினாலாம் நம்பர் அச்சு எந்திரத்தில் முப்பத்தெட்டு வருடம் நின்றவள் அவள். தன் கையால் அச்சான ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது. நாட்டில் எத்தனையோ பேர் இசைத்தட்டு சேர்க்கிறார்கள். தான் செய்த தட்டுகளைத் தானே சேர்த்தவர் எத்தனை பேர்? அந்தக் கர்வம் அவளுக்கு இருந்தது, இருக்கவும் வேண்டும். ஆனால் அத்தனையும் தாழ்வாரத்தில், கடையிலிருந்து கேட்டு வாங்கிய வாழைப்பழப் பெட்டிகளில், பழைய கம்பளி போர்த்திக் கிடந்தன.

அக்டோபர் முதல் சனிக்கிழமை அவளோடு வேலை பார்த்த இரண்டாம் ஷிப்டுப் பெண்கள் ஏழு பேர் வீட்டுக்கு வருவதாக முடிவானது. அவர்கள் கண்ணில் வாழைப்பழப் பெட்டி படக்கூடாது என்று லிபுஷே நினைத்தாள்.

“ஒரு அலமாரி வேணும். நின்னவாக்குல வைக்கணும். படுக்கப் போட்டா தட்டு வளைஞ்சிடும்,” என்றாள்.

“ரெண்டு வாரம் குடு,” என்றான் ரதோமிர்.

கொட்டகையில் அவன் முப்பது வருடமாகக் காத்துவந்த பைன் பலகைகள் இருந்தன. யாரோ களஞ்சியத்தை இடித்தபோது ‘உதவும்’ என்று தூக்கிவந்தவை. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளம், ஒரு முடிச்சு கிடையாது. அவற்றை உபயோகிக்க ஒரு வேலை வந்ததே என்று அவனுக்குப் பூரிப்பு. ஆனால் வெட்ட மனம் வரவில்லை. முழுப் பலகையை அப்படியே குறுக்கே போட்டு, இரண்டு முனையிலும் ஆணியில் உட்காரவைத்தான்.

லிபுஷே வந்து பார்த்தாள். “நடுவுல தாங்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே?”

“எதுக்கு?”

“தட்டு கனம், ரதோமிர். நாலு தட்டு ஒரு கிலோ.”

“நான் போட்ட கூரை மேல ஒரு மீட்டர் பனி நின்னிருக்கு. உன் பாட்டுக்கு இது தாங்காதா? இந்த மாதிரிப் பலகையை வெட்டுனா பாவம்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. தட்டுகளை அடுக்கினாள். மூன்றாம் நாளே பலகை தொட்டில்போலத் தொய்ந்தது. ஐந்தாம் நாள் காலையில், அவள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது, மேல்பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு கீழ்ப்பலகையின் மேல் விழுந்தது. பன்னிரண்டு உறைகள் கிழிந்தன. ஒரே ஒரு தட்டுதான் உடைந்தது. ஆனால் அது அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பத்தொன்பது வயதில், எந்திரத்திலிருந்து எடுத்த தட்டு.

ரதோமிர் ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்துப் பார்த்தான். “தரை சமமா இல்ல,” என்றான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். லிபுஷே உடைந்த இரண்டு துண்டுகளையும் உறைக்குள் போட்டாள். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

“அடுத்ததை நான் செய்யறேன்,” என்றாள்.

“நீயா? ரம்பம் பிடிச்சிருக்கியா?”

“முப்பத்தெட்டு வருஷம் எந்திரம் பிடிச்சிருக்கேன்.”

“விழும்,” என்றான் அவன். “எழுதி வச்சுக்கோ. விழும்.”

அன்று பிற்பகல் பூராவும் அவள் ஒரு பலகையையும் தொடவில்லை. சமையல் தராசில் இருபது தட்டுகளை நிறுத்தாள்: ஐந்து கிலோ. அலமாரியின் ஓர் அறைக்கு எண்பது தட்டு, இருபது கிலோ. உறையை அளந்தாள், முப்பத்தொன்றரை சென்டிமீட்டர். விரல் நுழைய இடம் விட்டால் முப்பத்துமூன்று. பதினாறு அறை வேண்டும். எப்படிக் கோர்ப்பது என்றுதான் பிடிபடவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து யோசித்தபோது, எதிரே ரதோமிரின் பீர் பெட்டி இருந்தது. இருபது பாட்டில் கொள்ளும் பெட்டி. உள்ளே கட்டம் கட்டமாக, ஒன்றில் ஒன்று செருகிய தடுப்புகள். ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது. லிபுஷே பாட்டில்களைத் தரையில் எடுத்துவைத்துவிட்டு, பெட்டியைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் கால்மணி நேரம் பார்த்தாள்.

மறுநாள் அந்தப் பலகைகளை ரம்பத்தின் கீழ் வைத்தாள். சத்தம் கேட்டு ரதோமிர் கொட்டகை வாசலுக்கு வந்தான். முப்பது வருடம் காத்த பலகை இரண்டு துண்டாவதைப் பார்த்தான். கூடையை எடுத்துக்கொண்டு காளான் பொறுக்கக் காட்டுக்குப் போய்விட்டான். அடுத்த நான்கு நாளும் அதே கதை. வீட்டில் காளான் காயவைக்க இடமில்லாமல் போனது.

லிபுஷேவுக்கு வேலை சுலபமாக வந்துவிடவில்லை. பலகையைச் செருக வெட்டிய முதல் பள்ளம் அகலமாகிவிட்டது. பலகை லொடலொடவென்று ஆடியது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததில் அரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டினாள். ஆலையில் அதைவிட நுணுக்கமான கோளாறுகளை நகத்தால் தடவியே கண்டுபிடித்தவள் அவள். ஐந்து நெடுக்குப் பலகை, ஐந்து குறுக்குப் பலகை, எதிரெதிரே பள்ளம், மரச்சுத்தியால் தட்டினால் இறங்கி உட்காரும். முதுகுக்கு ஒரு ப்ளைவுட். அடியில் பெருக்குமாறு நுழையும் உயரத்துக்குக் கால். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி நிமிர்ந்தபோது இடுப்பு இற்றுப்போனது. கை இரண்டும் காய்த்திருந்தன. கண்ணாடி முன்னால் போய் நின்று, அந்தக் கைகளைத் தானே பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

ஆயிரத்து நூற்று நாற்பது தட்டுகளும் ஏறின. இடது மேல் அறையில் முதல் இடம் அந்த உடைந்த தட்டுக்கு.

ரதோமிர் கைகட்டி நின்று பார்த்தான். அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் இரும்பு அளவுகோலைக் கொண்டுவந்து, ஒவ்வொரு குறுக்குப் பலகையின் நடுவிலும் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்ததை அவள் சமையலறையிலிருந்து கவனித்தாள்.

“எவ்வளவு தொய்ஞ்சிருக்கு?” என்று கேட்டாள்.

“வெயில் காலம் வரட்டும்,” என்றான்.

சனிக்கிழமை காலை முட்டையும் ஹாம் இறைச்சியும் வைத்து ரொட்டித்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், பரிமாறப் பீங்கான் தட்டு எடுக்க அலமாரி இருந்த அறைக்குள் போனாள். ரதோமிர் அலமாரிக்கு அடியிலிருந்து எழுந்துகொண்டிருந்தான். சட்டையின் முதுகில் தூசி. காதிடுக்கில் தச்சுப் பென்சில். அவளைப் பார்த்ததும் இருமிக்கொண்டே வெளியே போனான்.

இதிலுமா பெயர் எழுதினான்? பலகை தன்னுடையது என்ற நினைப்பா? குனிந்து பார்க்க நேரமில்லை, அழைப்புமணி அடித்துவிட்டது.

ஏழு பேரும் வாசலில் காலணியைக் கழற்றி, வீட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார்கள். அலமாரியைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி தட்டை உருவி, “இதோ பாரு, வெள்ளம் வந்த வருஷம் போட்டது,” என்றாள். இன்னொருத்தி கட்டங்களைத் தடவினாள்.

“ரதோமிர், உன் கையே கை,” என்றாள். “என் வீட்டுக்காரன் ஒரு ஆணி அடிக்க மூணு பேரைக் கூப்பிடறான்.”

“பொன்னான கை,” என்றாள் மற்றவள்.

ரதோமிர் வாய் நிறைய ரொட்டியோடு “ம்” என்றான். லிபுஷே அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று பார்த்தாள். அவன் இன்னொரு ரொட்டியை எடுத்தான். நானே செய்தேன் என்று அவளே சொல்லியிருக்கலாம். ஆனால் தன் வாயால் சொன்னால் அதற்கு மதிப்பேது?

ஹெத்விகா மட்டும் பாராட்டாமல் அலமாரியைச் சுற்றி வந்தாள். ஆலையில் தட்டுகளைக் கேட்டுப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவள் வேலை. இருபத்தைந்து வருடம் குறை சொல்லியே சம்பளம் வாங்கியவள்.

“இது ரதோமிர் வேலை மாதிரி இல்லையே,” என்றாள். “அவன் சாமான்ல திருகாணி துருத்திட்டு நிக்கும். சரி, இந்த வீட்டுல எதுக்கும் அடியில கையெழுத்து இருக்குமே. யார்னு பாத்துடுவோம்.”

“விடு ஹெத்விகா, உனக்கு முழங்கால் வலி,” என்றாள் லிபுஷே அவசரமாக.

“என் முழங்கால், என் வலி.” அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே தரையில் படுத்தாள். ஒருத்தி கைப்பேசி விளக்கைப் பிடித்தாள். ரதோமிர் மெல்லுவதை நிறுத்தினான். லிபுஷே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கு,” என்றது அடியிலிருந்து ஹெத்விகாவின் குரல். “நிறைய எழுதியிருக்கான்.” பிறகு நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“‘செய்தது லிபுஷே, பதினாலாம் நம்பர் எந்திரம். விழும் என்று சொன்னேன். விழவில்லை. ரதோமிர்.’”

ரதோமிர் ஜன்னல் பக்கம் திரும்பி, தோட்டத்தில் என்னவோ தேடினான். அவன் கழுத்து சிவந்திருந்தது. முப்பத்தாறு வருடத்தில் தன் தப்பு என்று ஒரு முறைகூட ஒப்புக்கொள்ளாதவன், ஒப்புக்கொண்டு, அதுவும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பிய இடத்தில் எழுதிவைத்திருந்தான்.

லிபுஷேவுக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் தோளை நிமிர்த்திக்கொண்டாள்.

“ஹெத்விகா,” என்றாள், “இன்னொரு தடவை படி. கொஞ்சம் சத்தமா. அவனுக்குக் காது மந்தம்.”