எட்டாவது குழாய்

எட்டு வீட்டு அழுக்கும் அய்யாவுவின் மூக்குக்கு அத்துப்படி. அந்த அடுக்குமாடியைக் கட்டிய புண்ணியவான், குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் சாக்கடைக்குப் போகாமல், பின்பக்கத்து ஜல்லிப் பாத்தியில் பாய்ந்து, கல்வாழை வேர்களில் வடிந்து, சுத்தமாகித் தோட்டத்துக்கு வரும்படி செய்துவிட்டுப் போனார். அதைப் பார்த்துக்கொள்ள பக்கத்துப் பேட்டை நீலசந்திராவிலிருந்து அய்யாவு வந்தான். வீட்டுக்கு ஒரு குழாய். குனிந்து மோந்தால் போதும், யார் வீட்டில் சீயக்காய், யார் வீட்டில் ஷாம்பு என்று சொல்லிவிடுவான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடையில் கல்வாழை மஞ்சளடித்துப்போனது. ஏழு குழாயில் குறையில்லை. எட்டாவதில், கீழ்வீட்டு ஜோசஃபின் டீச்சர் குழாயில், புண் கழுவும் லோஷன் நாறியது. கொடுமையைப் பாருங்கள், லோஷன் பினாயில் ஊற்றினால் செடி செத்துப்போகும் என்று வீடு வீடாய்ப் போய்ச் சொன்னதே அந்த டீச்சர்தான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மஞ்சுநாத்துக்கு அந்த இடத்தில் கார் நிறுத்த ஆசை. "நோடு, இங்க பாரு அய்யாவு, மாசக் கடைசி வரைக்கும் டைம். பச்சை திரும்பலைன்னா சிமெண்ட் போட்டுடறோம், உன் வேலையும் அதோட சரி. எந்த வீட்டுத் தண்ணி இது?"

"தெரியலீங்க சார்."

சொல்லிவிட்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனான். கூடத்துக் கட்டிலில் அவள் புருஷன் தியோடர், பக்கவாதம் வந்து ஆறு மாதமாய்ப் படுக்கை. முதுகெல்லாம் புண்.

"மிஸ், அந்த லோஷன்..."

"தெரியும்ப்பா. புண்ணுல சீழ் வக்கிது. தினம் நாலு பெட்ஷீட் அலசறேன். நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

கட்டிலிலிருந்து குழறலாய்க் குரல் வந்தது. "செடி எப்பிடிப்பா இருக்கு?" பாத்தியில் முதல் கிழங்கை நட்டவர் அவர்.

"பச்சைப்பசேல்னு இருக்கு சார்."

அந்த ஒரு குழாயைத் திருப்பிவிடவும் வழியில்லை, எல்லாம் கான்கிரீட்டுக்குள் புதைந்தது. காலையில் பாத்தி ஓரம் குந்தி மாரியம்மனிடம் கெஞ்சுவான். "தாயே, இந்த நாத்தம் மட்டும் நின்னாப் போதும்."

பதினெட்டாம் தேதி நின்றது. எட்டாவது குழாயில் லோஷன் இல்லை. சந்தன சோப்பு மணக்க, குடம் குடமாய்த் தண்ணீர் வந்தது. அப்பாடா என்று கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கை இறங்குவதற்குள் உறைத்தது. ஆறு மாதமாய் ஈரத்துணியால் துடைத்துவிட்ட உடம்பு அது. இத்தனை தண்ணீர் விட்டு இன்றைக்கு யாரைக் குளிப்பாட்டுகிறார்கள்?

ஓடினான். வாசலில் டீச்சர் நின்றிருந்தாள், முந்தானை நனைந்திருந்தது.

"இனிமே லோஷன் வராது அய்யாவு," என்றாள்.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எத்தனை நல்லவன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தான் என்ன வேண்டிக்கொண்டோம் என்பது அவனுக்கல்லவா தெரியும்.

மாசக் கடைசியில் கல்வாழை குருத்து விட்டது. மஞ்சுநாத் தோளைத் தட்டிக் கொடுத்தார். அய்யாவு எட்டாவது குழாய்ப் பக்கம் மட்டும் குனியவே இல்லை.